எடுக்காத லீவு தங்கிய வீடு

கொச்சங்காடியில் காயலைப் பார்த்து நிற்கும் அந்த ஓட்டு வீட்டை விற்க முடியாமல் போனதற்குக் காரணம், அதை வாங்க வந்தவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்த உடனே தூங்கிப்போனதுதான். இது நடந்தது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. குறுமிளகு விலை விழுந்து மட்டாஞ்சேரிக் குடோன்கள் பாதி காலியாகக் கிடந்த வருஷம். ஆனால் போர்ட் கொச்சிக்கு வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவது கூடியிருந்ததால் பழைய வீடுகளுக்கு நல்ல கிராக்கி இருந்தது. முதலில் மஸ்கட்டிலிருந்து திரும்பிய ஒருவர் வந்தார். முன்வராந்தாவில் கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார், கொடுத்த சாயாவில் பாதி குடித்தார், தூங்கினார். அரை மணி நேரம் கழித்து எழுந்தபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகமோ பல நாள் வெயிலில் திரிந்தவர் முகம்போலக் கறுத்திருந்தது. செருப்பைக் கழற்றி உதறினால் கடற்கரை மணல் விழுந்தது. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கும்பிட்டுவிட்டுப் போய், மறுநாள் தன் தாயாரைக் கூட்டிக்கொண்டு குருவாயூர் போனார். அடுத்து வந்த சுக்கு வியாபாரி தூங்கி எழுந்ததும், வெகுகாலமாகப் பேச்சில்லாத தம்பியின் கடைக்கு நேராக நடந்தார். எர்ணாகுளத்திலிருந்து வந்த டாக்டர் தம்பதி எழுந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதையே மறந்து காரில் ஏறினார்கள். லீவுக்கென்று ஒரு வீடு வாங்க வருகிறவர்களுக்கு அந்த லீவு வந்த இடத்திலேயே கிடைத்துவிட்டால், பிறகு வீடு எதற்கு?

வீட்டுக்காரர் சிவராமகிருஷ்ணன் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். காலையில் சந்தியாவந்தனம் செய்யாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். பம்பாயில் ஒரு மத்திய அரசுக் கணக்கு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். தொண்ணூற்றொன்றில் ஆடிட் வேலையாகக் கொச்சிக்கு வந்த இடத்தில், கொப்பரை வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஊர் மாறிப்போன ஒருவரிடமிருந்து இந்த வீட்டை வாங்கினார். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு, மனைவி கங்காவோடும் மகள் அம்முவோடும் இங்கே வந்து, படகு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மாதிரி அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லீவை எடுப்பதைவிடச் சேர்ப்பதையே பெரிதாக நினைப்பார்கள். எடுக்காத லீவுக்கு ஓய்வு பெறும்போது பணம் கிடைக்கும் அல்லவா? அதனால் ஜுரம் அடித்தாலும் மாத்திரையை விழுங்கிவிட்டு எட்டரை மணி வண்டியைப் பிடிப்பார்கள். இன்னார் இவ்வளவு லீவு சேர்த்திருக்கிறார் என்று பேசும்போது, இன்னார் பெண்ணுக்கு இவ்வளவு பவுன் சேர்த்திருக்கிறார் என்பதைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் சிவராமகிருஷ்ணன் பெரிய தனவான்.

ஒவ்வொரு வருஷமும் சித்திரை பிறந்ததும், இன்ன தேதிக்கு வருகிறோம் என்று மூக்கம்மாளுக்குத் தகவல் வரும். மூக்கம்மாள் எங்கள் தெருக்காரி. அவள் வீட்டார் இரண்டு தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தவர்கள். விடியும் முன் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவைக் கூட்டி முடித்து, வெயில் ஏறியதும் அந்த வீட்டைத் திறந்து துடைப்பாள். மாலையில் வந்து வாசலில் விளக்கு ஏற்றுவாள். தகவல் வந்தால் தேங்காய், பால், வாழைப்பழம் எல்லாம் வாங்கி வைப்பாள். தேதி வரும், அவர்கள் வரமாட்டார்கள். பட்ஜெட் வேலை வந்துவிட்டது, மேலதிகாரி லீவில் போய்விட்டார், அம்முவுக்குப் பரீட்சை என்று ஏதாவது ஒன்று. அத்தனை வருஷத்தில் அவர்கள் வந்து தங்கியது இரண்டே முறை. ஆனால் அவர்கள் வருவதாக இருந்த காலையில், ரயில் எர்ணாகுளத்துக்கு வந்து சேரும் நேரத்தை ஒட்டி, வீட்டுக்குள் ஏதோ ஒன்று வந்து இறங்குவதை மூக்கம்மாள் பார்த்திருக்கிறாள். யாரும் உட்காராமலே பிரம்பு நாற்காலிகள் கொஞ்சம் தாழும். பிறகு கூரையில் உட்காரும் காக்கைகள் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கத் தொடங்கின. ஒரு பூனை சமையலறைப் படியில் ஏறிப் படுத்து ஒரு மழைக்காலம் முழுக்க எழுந்திருக்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று அவள் பூனையைச் சுற்றிப் பெருக்கினாள்.

சிவராமகிருஷ்ணன் ஓய்வு பெற்றபோது அலுவலகம் அவர் சேர்த்த லீவுக்கெல்லாம் பணம் கொடுத்துத் தீர்த்தது. அலுவலகம் வாங்கிக்கொண்டது காகிதத்தில் இருந்த லீவை மட்டும்தான். அதற்குள்ளே இருந்த நாட்களும், அந்த நாட்களின் வெயிலும், மத்தியானத் தூக்கமும், காரணமில்லாமல் சிரிப்பதும், போக வேறு இடமில்லாததால், எங்கே போவதாக இருந்தனவோ அங்கேயே போய்ச் சேர்ந்து காத்திருந்தன.

அவர் வீட்டை விற்க நினைத்ததற்குக் காரணம் கங்கா. டோம்பிவிலியில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். கங்காவின் முழங்கால்கள் இரண்டும் கெட்டுப்போய், சமதரையில் மெதுவாக நடக்க முடிந்தாலும் படி இறங்க முடியாமல் ஆகிவிட்டது. இரண்டு வருஷமாக அவள் தெருவில் கால் வைக்கவில்லை. பையைக் கயிற்றில் கட்டி ஜன்னல் வழியாக இறக்கிக் காய்கறி வாங்கினாள். கோயில் மணியைக் கேட்டு அங்கிருந்தே கை கூப்பினாள். கொச்சியில் தரையோடு ஒரு வீடு இருக்கும்போது அங்கேயே போய் இருக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். "அங்கே போய் யார்கிட்டே பேசறது? காயல்கிட்டேயா? என் பஜனை கோஷ்டி இங்கே, அம்மு இங்கே, எனக்குத் தெரிஞ்ச தெரு இங்கே. எனக்கு லீவு வேண்டாம். தெருதான் வேணும்" என்றாள் கங்கா. அவள் அதிர்ஷ்டமோ பகவான் காட்டிய வழியோ, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மராத்திக்காரப் பெரியம்மா மகனோடு புனாவுக்குப் போவதாக இருந்தாள். வீட்டைக் கங்காவுக்கே தருவதாகவும், பிள்ளையார் சதுர்த்தி வரைக்கும் காத்திருப்பதாகவும் சொன்னாள். அதற்கு மேல் அவள் மகன் காத்திருக்க மாட்டான். அதற்குள் கொச்சங்காடி வீடு போக வேண்டும். அதற்காகத்தான் சிவராமகிருஷ்ணன் வைகாசிக் கடைசியில் பிடிக்கும் இடவப்பாதி மழையோடு வந்து இறங்கினார்.

வந்தவர் அந்த வீட்டிலேயே தங்கினார். அவரை மட்டும் தூக்கம் அண்டவில்லை. தன் லீவைத் தானே மறுத்து மறுத்துப் பழகியவரிடம் அது எப்படி நெருங்கும்? ராத்திரி முழுக்க ஓட்டில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு, எந்த ஓடு உடைந்திருக்கிறது என்று யோசித்தபடி விழித்துக் கிடப்பார். பகலில் புரோக்கர் பிஜு ஆட்களைக் கூட்டி வருவான். பிஜுவின் அப்பாவும் முனிசிபாலிட்டிதான். மகன் சைக்கிளை விட்டு ஸ்கூட்டருக்கு மாறி, ஒரு நாளைக்கு நூறு வார்த்தையில் முடிகிற வேலைக்கு ஆயிரம் வார்த்தை பேசுவான். உட்கார்ந்தால்தான் தூக்கம் பிடிக்கிறது, நிற்கிறவர்களை அது ஒன்றும் செய்வதில்லை என்று அவன் இரண்டு மூன்று பேருக்குப் பிறகு புரிந்துகொண்டான்.

"சாரே, ஒரு காரியம் செய்யலாம். நாளைக்கு வர்றவர நிக்க வச்சே வீட்டக் காட்டுவோம். நின்னே பேசி, நின்னே அட்வான்ஸ் வாங்கி, நின்னே அனுப்பிடுவோம். நாற்காலி எல்லாம் எடுத்து எங்க வீட்டுல போட்டுட்டு வரட்டா?"

"வந்த மனுஷாளை நிக்க வெச்சுப் பேசறதா? எங்காத்திலே அந்தப் பழக்கம் கிடையாது பிஜு. உட்காரச் சொல்லி ஒரு வாய் காப்பி கொடுக்காம எப்படிப் பேச்சை ஆரம்பிக்கறது?"

"அப்பறம் காப்பி குடிச்சவன் தூங்கினா என்னத் திட்டக் கூடாது."

மறுநாள் வந்தவரும் உட்கார வைக்கப்பட்டார், தூங்கினார். பிஜு தூணில் சாய்ந்து நின்றபடி அவர் குறட்டைக்குத் தாளம் போட்டான்.

அன்று சாயங்காலம் சிவராமகிருஷ்ணன் பாலத்தருகே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போய்க் கங்காவைக் கூப்பிட்டார். "ஏன்னா, வீடு போச்சா?" என்றாள் கங்கா. அவர் போகவில்லை என்று சொல்லி, வந்தவர்கள் தூங்குவதையும், செருப்பில் மணல் இருப்பதையும், ஆடி மழையில் முகம் கறுத்து எழுந்திருப்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கங்கா சிரித்தாள். மீட்டர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் அந்தச் சிரிப்பு முடியக் காத்திருந்தார்.

"அது உங்க லீவாக்கும்" என்றாள் கங்கா. "அம்மு பத்தாம் கிளாஸ் முடிச்சப்போ எடுக்காத லீவு. எங்கப்பா காரியத்துக்கு எடுக்காத லீவு. எனக்கு ஆபரேஷன் ஆச்சே, அதுக்கு எடுக்காத லீவு. கேட்டப்போவெல்லாம் சேர்ந்திண்டிருக்கு, சேர்ந்திண்டிருக்குன்னேளே. நன்னாச் சேர்ந்துடுத்து."

"இப்போ நான் என்ன பண்ணட்டும்?"

"என்னைக் கேட்டா? அது அங்கே நிறைஞ்சிருக்கற வரைக்கும் வீடு விக்காது. வேண்டியவாளுக்குக் கொடுத்துடுங்கோ. ஊர்லே அசந்து போனவாளுக்கா பஞ்சம்?"

அவருக்கு மனம் வரவில்லை. பிச்சைக்காரனுக்குச் சில்லறை போடத் தயங்காதவர்தான். கோயில் உண்டியலில் எண்ணாமல் போடுவார்தான். லீவைக் கொடுப்பது அவருக்கு ரத்தத்தைக் கொடுப்பதுபோல இருந்தது. ஆனால் மறுநாள் பெரிய மழையில், குடோனில் சுக்கு பொறுக்கும் காளியம்மை என்பவள் அவர் வீட்டு இறவாரத்தில் ஒதுங்கி நின்றாள். காலை ஏழு மணியிலிருந்து குனிந்து உட்கார்ந்து பொறுக்கியதில் அவள் முதுகு நிமிரவே இல்லை. ஒரு மனுஷி நனைகிறாளே என்று அவர் வாயிலிருந்து தானாகவே, "உள்ளே வந்து உட்காரும்மா" என்ற சொல் வந்துவிட்டது. காளியம்மை உட்கார்ந்தாள், தூங்கினாள். எழுந்தபோது அவள் தலைமுடியில் சீயக்காய் வாசனை அடித்தது, முதுகு நேராக இருந்தது. மழையில் இறங்கிப் போகும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்ற சிவராமகிருஷ்ணனுக்குத் தன் மார்பில் ஒரு சின்ன முடிச்சு அவிழ்ந்ததுபோல இருந்தது. வாயுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காளியம்மையோடு சுக்கு பொறுக்கும் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் மூட்டை தூக்குகிறவர்கள். பிறகு ஊர் வந்தது. யாரும் தள்ளிக்கொள்ளவில்லை, ஒருவரும் இரண்டாம் முறை உட்காரவில்லை. மூக்கம்மாள் வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பி, எழுந்தவர்களுக்குச் சாயா கொடுத்து, அவர்கள் விட்டுப்போன மணலைப் பெருக்கித் தள்ளினாள். அந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து முற்றத்தில் தேங்கிய தண்ணீரே இல்லாமல் போயிற்று. ஒரு மூட்டைக்காரர் மாம்பழக் காலம் முடிந்து வெகுநாள் ஆன பிறகு மீசையில் மாம்பழச் சாறோடு எழுந்தார். கலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த கண்டக்டர் ஒருவர் நிறைய முடியோடு உட்கார்ந்து, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு எழுந்தார்; பழனிக்கு நேர்ந்துகொண்டது பல வருஷமாக நிற்கிறது என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து விபூதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கும் ஷைலஜா என்ற நர்ஸ் காலையில் டூட்டி முடிந்து நேராக வந்து உட்கார்ந்தாள். எழுந்ததும் நன்றி சொல்லிவிட்டு, சமையலறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்குமா என்று மூக்கம்மாளிடம் விசாரித்துவிட்டுப் போனாள். அந்த ஆடி மாதம் கொச்சங்காடியில் ஒருவரும் வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. ஆனால் எல்லோரும் லீவுக்குப் போய்விட்டு வந்தார்கள். குடோன் முதலாளிகள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களிலும் சிலர் சாயங்காலம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து போனார்கள்.

நாற்காலிகள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன. கூரைக் காக்கைகளில் பாதி விழித்துக்கொண்டன. ஆனால் நாளும் ஓடியது. பிள்ளையார் சதுர்த்திக்குப் பத்து நாட்களே இருந்தபோது, பிஜு மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான். அவன் பின்னால் ஒரு பெரிய காரில் வெங்கிடாசலம் என்பவர் வந்தார். எங்கேயோ மலைப் பக்கத்தில் ஹோட்டல்கள் நடத்தும் ஒரு கம்பெனியின் மேனேஜர். நல்ல மரியாதையான மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சிவராமகிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வேண்டாம் சார். விஷயம் கேள்விப்பட்டுதான் வந்திருக்கேன். நின்னுக்கிட்டே பேசறேன்" என்று வெங்கிடாசலம் சிரித்தார். "மிச்சம் எவ்வளவு இருக்கும்?"

"எது?"

"லீவுதான். வீட்டுக்கு நீங்க சொல்ற விலை. அதுக்கு மேல அதே அளவு லீவுக்கு. ஆனா இந்த நிமிஷத்துலேருந்து ஒருத்தர் உட்காரக் கூடாது. கேட்டைச் சாத்திடணும். எங்க ஹோட்டலுக்கு வர்றவங்க நாலு நாள் தங்கினாத்தான் களைப்பு போகும்ங்கறாங்க. இங்கே அரை மணி நேரத்துல போகுது. இதுக்கு வெளிநாட்டுக்காரன் என்ன வேணா கொடுப்பான்."

பிஜு தூணைப் பிடித்துக்கொண்டான். சிவராமகிருஷ்ணன் கேட்டைப் பார்த்தார். மழை நாள் என்பதால் அன்று வெளியே ஒருவரும் காத்திருக்கவில்லை. இதைச் செய்தால் யாருக்கும் கொடுத்த வாக்கு தவறியதாகாது. டோம்பிவிலியில் அந்த ஜன்னலும் அதிலிருந்து கீழே இறங்குகிற கயிறும் அவர் கண் முன்னால் வந்தன. அவர் சம்மதிக்கத்தான் நினைத்தார்; அதை மறைக்க வேண்டியதில்லை. வந்தவருக்கு ஒரு வாய் காப்பி கொடுத்துவிட்டுச் சரி என்று சொல்லலாம் என்று உள்ளே போனார்.

சமையலறை வாசலில் மூக்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் கனத்தைப் போட்டு நின்றாள். காலையில் கடைத்தெருவைக் கூட்டியவள், பிறகு இங்கே வந்து கூட்டியவள். அவள் அங்கே அப்படி நிற்பதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அன்றைக்குத்தான் அது நிற்பது என்று அவருக்குத் தெரிந்தது.

"மூக்கம்மா, நீ உட்காரலையே?"

"எங்க சாமி?"

"நாற்காலியிலே. ஊரே உட்கார்ந்துட்டுப் போச்சே. நீ ஏன் உட்காரலை?"

"யாரும் சொல்லலையே சாமி" என்றாள் மூக்கம்மாள். குறையாகச் சொல்லவில்லை. பால் திரிந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

வந்தவரை நிற்க வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை என்று சொன்னவர் சிவராமகிருஷ்ணன். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டுக்கு நாள் தவறாமல் வந்த ஒருத்தி மட்டும் அவருக்கு வந்தவளாகத் தெரியவில்லை. காப்பியை அப்படியே விட்டுவிட்டு அவர் வராந்தாவுக்கு வந்து, இருந்ததிலேயே நல்ல நாற்காலியைத் துண்டால் துடைத்தார். "இங்கே வா. உட்காரு" என்றார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் வெங்கிடாசலம். "அந்த அம்மா உட்கார்ந்தா மிச்சம் ஏதாவது இருக்குமா?"

"தெரியாது."

"நின்ன வருஷத்தைப் பார்த்தா இருக்காதுன்னு தோணுது. அப்படி ஆச்சுன்னா எனக்கு வீடே வேண்டாம். யோசிச்சுக்குங்க."

மூக்கம்மாள் அதைக் கேட்டுவிட்டுப் பின்வாங்கினாள். "வேண்டாம் சாமி. அம்மாவுக்கு கீழ் வீடு வேணும்ல. அவுக ரெண்டு வருஷமா இறங்கல. நான் நின்னே பழகுனவ."

"பழக்கினது நான்தான். உட்காரு."

அவள் தரையில் உட்காரப் போனாள். தரையில் இல்லை, நாற்காலியில் என்றார். "கட்டாயமா?" என்று கேட்டாள். "கட்டாயம்" என்றார். நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்தாள். பிறகு முதுகு சாய்ந்தது. பிறகு கை இரண்டும் மடியிலிருந்து நழுவித் தொங்கின. வீடு முழுக்க ஒரு நீண்ட மூச்சு விட்டது. அலமாரிக் கதவுகள் திறந்து மூடின. கூரையில் மிச்சமிருந்த காக்கைகள் ஒன்றாகக் கரைந்துகொண்டு கிளம்பிப் போயின. மற்ற நாற்காலிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்றன. வெங்கிடாசலம் அவற்றில் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தார். கண்ணை மூடிக்கூடப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், "நல்லா இருங்க சார்" என்று சொல்லிக் காருக்குப் போனார். "எனக்கு அழுகையா வருது சாரே" என்று பிஜு வாசற்படியில் உட்கார்ந்தான். அவனும் தூங்கவில்லை.

மூக்கம்மாள் விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் தூங்கினாள். அன்று விளக்கைச் சிவராமகிருஷ்ணன் ஏற்றினார். திரி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் கண் விழித்தபோது தலைமுடி நனைந்து, உப்பு பூத்திருந்தது. அவர் போட்டுக் கொடுத்த சாயாவை வாங்கிக் குடித்துவிட்டு, இன்னும் நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள்:

"கடல்ல குளிச்சேன் சாமி. பொறந்ததுலேருந்து கடலுக்குப் பக்கத்துலதான் இருக்கேன். கால் நனைச்சதில்ல. இன்னைக்கு முங்கி முங்கிக் குளிச்சேன்." பிறகு டம்ளரைப் பார்த்து, "சக்கரை கூடிப்போச்சு" என்றாள்.

காலையில் அவர் எஸ்டிடி பூத்துக்குப் போகக் கால் வராமல் போனார். நடந்ததைச் சொன்னார். சதுர்த்திக்குள் இனி ஒன்றும் நடக்காது என்றும் சொன்னார்.

"அவ உட்கார்ந்தாளா?"

"உட்கார்ந்தா."

"நன்னாத் தூங்கினாளா?"

"விளக்கு வைக்கற வரைக்கும்."

"அப்போ சரி. எனக்கு ஜன்னல் இருக்கு. நீங்க வேளைக்குச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கங்கா போனை வைத்தாள். அவள் அழுதாளா என்று நமக்குத் தெரியாது. அழுதிருந்தாலும் அதற்காக அவர் மேல் கோபப்படவில்லை என்பது மட்டும் தெரியும்.

அவர் திரும்பி வந்தபோது வாசலில் ஷைலஜாவும் அவள் கணவன் பிரதீஷும் நின்றார்கள். பிரதீஷ் படகுத்துறையில் வேலை பார்த்தான். சாவக்காட்டில் தன் பங்கு நிலத்தை விற்ற பணம் கையில் இருப்பதாகவும், ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் குழந்தைகளை வைத்துக்கொண்டு முடியவில்லை என்றும், அன்றைக்கே கேட்க நினைத்ததாகவும் ஷைலஜா சொன்னாள். "பக்ஷே அன்னைக்குக் கேக்க பயம் சாமி. இங்க குடியிருந்தா எப்பவும் தூங்கிட்டே இருப்போம்ல? பிள்ளைகளுக்கு யாரு சோறு பொங்கறது? நேத்து காக்கா எல்லாம் போயிட்டதுன்னு மூக்கம்மாக்கா சொன்னா. அதான் ஓடி வந்தோம்."

சிவராமகிருஷ்ணன் அவர்களை உட்காரச் சொன்னார். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பிஜு மட்டும் ஷைலஜாவின் கண்ணிமைகளையே பார்த்தபடி நின்றான். அவள் சாயாவை முழுக்கக் குடித்தாள். எந்த ஓடு ஒழுகுகிறது என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்.

"சேச்சிக்குத் தூக்கம் வருதா?" என்றான் பிஜு பொறுக்க மாட்டாமல்.

"பின்னே வராதா? ராத்திரி முழுக்க டூட்டியல்லே. வீட்டுக்குப் போய்த் தூங்கிக்குவேன்."

"கையெழுத்துப் போட்டா இதுதான் சேச்சி உங்க வீடு."

"அப்போ போட்டுட்டே தூங்குறேன்" என்றாள் ஷைலஜா.

ஹோட்டல்காரர் சொன்ன விலையில் பாதிதான்; ஆனால் டோம்பிவிலிக் கீழ் வீட்டுக்குப் போதும். பத்திரம் எழுதும் அன்று சிவராமகிருஷ்ணன் தயங்கித் தயங்கி மூக்கம்மாளைப் பற்றி ஷைலஜாவிடம் கேட்டார். "அக்கா எங்கேயும் போக வேண்டாம். எனக்குப் பிள்ளைகளப் பாக்க ஆள் வேணும். நின்னுட்டிருந்தா மட்டும் வழக்குப் போடுவேன்" என்றாள். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது சிவராமகிருஷ்ணன் ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். உடைந்த ஓடு, பூட்டு, கரையான், மழை என்று இனி நினைக்க ஒன்றும் இல்லை. ரயிலுக்கு நேரம் ஆகும்வரை, எல்லோரும் தூங்குகிற மாதிரி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்கினார். பிஜு ஈ ஓட்டினான்.

அந்த வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. குழந்தைகள் சண்டை போடுகிறார்கள், மழைக்கு ஒழுகுகிறது, உட்கார்ந்தவர்கள் விழித்திருக்கிறார்கள். அந்த வருஷத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்டால், அந்த வருஷம் எங்களுக்கெல்லாம் லீவு கிடைத்தது என்று சொல்கிறோம். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

டோம்பிவிலியில் சதுர்த்திக்கு முந்தின நாள், பிள்ளையாரைத் தூக்கி வர ஏற்பாடாகியிருந்த கட்டடத்துப் பையன்கள், அதற்குப் பழக்கம் பார்ப்பதுபோலக் கங்காவை நாற்காலியோடு தூக்கி, மூன்று மாடியும் கோஷம் போட்டுக்கொண்டே இறக்கினார்கள். கீழ் வீட்டில் பால் காய்ச்சினார்கள். கங்கா ஒரு வாய் குடித்துவிட்டு, புடவையைச் சரிசெய்து, தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெளியே காலையிலிருந்து விடாத மழை. "எங்கே போறே?" என்றார் சிவராமகிருஷ்ணன். "எங்கேயாவது" என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கினாள். அன்று டோம்பிவிலி முழுக்கக் கொட்டித் தீர்த்த மழை, கங்கா மெதுவாக நடந்துபோன தெருக்களில் மட்டும் பெய்யவில்லை. அங்கே லீவு நாளின் நல்ல வெயில் அடித்தது. கட்டடத்துப் பெண்கள் அதை ஜன்னலிலிருந்து பார்த்தார்கள். ஒரு வாரமாகக் காயாமல் கிடந்த துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்கள்.